பழைய மோட்டார்ஹோமின் கூரை: தண்ணீர் எங்கே புகுகிறது, எப்படிச் சரிசெய்வது

பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதைத்தான். கார் வாங்கிப் பழகியவர்களின் கேள்வி அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனைக்கு வரும் இருபது வயது மோட்டார்ஹோம்களில் பல மிகக் குறைவாகவே ஓடியிருக்கும். கோடையில் இரண்டு மூன்று பயணங்கள் போய்வந்தபின், மற்ற மாதங்களெல்லாம் வீட்டோரத்திலோ வாடகை நிறுத்துமிடத்திலோ நின்றபடியே கழியும். எஞ்சினுக்கு அது ஓய்வு. கூரைக்கோ ஆண்டு முழுவதும் வேலை. வெயில் அதைக் காய்ச்சுகிறது, பனி அதன்மேல் உட்காருகிறது, உதிர்ந்த இலைகள் மழைநீரைத் தேக்கிவைக்கின்றன. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கூரையில் கடைசியாக யார், எப்போது ஏறிப் பார்த்தார்கள்?

பெரும்பாலும் பதில் வராது. உட்கூரையில் ஒரு மூலையில் தேநீர் நிறத்தில் கறை இருக்கும். "அது பழைய ஒழுகல், அப்போதே அடைத்துவிட்டோம்" என்பார்கள். அந்தக் கறைக்கு மேலே என்ன நடந்திருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அளவு வரை நம் கையாலேயே சரிசெய்யலாம் என்பதை இதுவரை ஒரு மோட்டார்ஹோம் கூரையைப் பிரித்துப் பார்த்திராதவருக்காக எழுதுகிறேன்.

கூரைக்குள் என்ன இருக்கிறது

வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையாக, கனமாகத் தெரியும் கூரை உண்மையில் மிக மெலிந்த ஓர் அமைப்பு. வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்பதால் எல்லாமே இயன்ற அளவு மெல்லியதாகத்தான் இருக்கும். வண்டிக்குள் படுத்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள லுவான் பிளைவுட். அதன்மேல் வினைல் அல்லது காகிதம் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேலே குறுக்குச் சட்டங்கள். பழைய வண்டிகளில் இவை மரம்; சிலவற்றில் அலுமினியக் குழாய். சட்டங்களுக்கு இடையே வெப்பத் தடுப்புக்காகக் கண்ணாடி இழைப் பஞ்சோ தெர்மோகோலோ அடைத்திருப்பார்கள். சட்டங்களின் மேல் பலகை: சுமார் ஒன்பது மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளைவுட் அல்லது மரச்சீவல்களை அழுத்திச் செய்யும் ஓ.எஸ்.பி. பலகை. அந்தப் பலகையின் மேல் ஒட்டப்பட்ட ஒரு தோல். மழையைத் தடுப்பது அந்தத் தோல் மட்டுமே. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்.

தோலில் பல வகை உண்டு. பழைய வண்டிகளில் மிகப் பரவலானது இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். இது மேலே வெள்ளையாகவும் அடியில் கருப்பாகவும் இருக்கும். வயதாக ஆக மேல்பரப்பு சுண்ணாம்புபோல் உதிரும். மழைக்குப் பின் வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தால் மேலே இருப்பது அநேகமாக இதுதான். அடுத்தது டி.பி.ஓ. இது ரப்பர் அல்ல, பிளாஸ்டிக் வகை. சற்று விறைப்பாக இருக்கும், அடிப்பக்கம் பெரும்பாலும் கருப்பாக இருக்காது. பி.வி.சி. தோலும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் கூரை முழுவதையும் ஒரே ஃபைபர்கிளாஸ் தகடாகப் போடுகிறார்கள். மிகப் பழைய வண்டிகளில் அலுமினியத் தகடு இருக்கும். எது என்று தெரியாமல் பசையோ பூச்சோ வாங்கக் கூடாது. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றில் பிடிக்காது. கூரையில் உள்ள ஒரு காற்றுப்போக்கியின் உட்சட்டத்தைக் கழற்றி, வெட்டிய விளிம்பில் தோலின் அடிப்பக்க நிறத்தைப் பார்ப்பது எளிய சோதனை.

இன்னொரு பிரிவும் முக்கியம். சட்டம், பஞ்சு, பலகை எனத் தனித்தனியாக அடுக்கிய கூரைகளில், கெட்ட பலகையை மட்டும் எடுத்துவிட்டு வேறு பலகை போடலாம். அலுமினியக் குழாய், தெர்மோகோல், லுவான் எல்லாவற்றையும் பசையால் ஒன்றாக அழுத்தி ஒரே பாளமாகச் செய்த கூரைகளில் அது எளிதல்ல. உள்ளே ஈரம் புகுந்தால் பசை விட்டு, மேற்பரப்பு உப்பிக்கொள்ளும். புதிதாக இந்த வேலையைத் தொடங்குகிறவர் முதல் வகையில் கைவைக்கலாம். இரண்டாவது வகையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

தண்ணீர் புகும் வழிகள்

தோல் கிழிந்து தண்ணீர் புகுவது அரிது. தாழ்ந்த மரக்கிளை உரசினால் கிழியும்; மற்றபடி நடுப்பரப்பு பல ஆண்டுகள் தாங்கும். தண்ணீர் புகுவது நாமே வெட்டிய துளைகள் வழியாகத்தான். ஒரு சாதாரண மோட்டார்ஹோம் கூரையில் எத்தனை துளை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் காற்றுப்போக்கிகள், ஏ.சி., குளிக்கும் இடத்துக்கு மேலே வெளிச்சம் விடும் ஸ்கைலைட், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்கள், எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டியின் புகைபோக்கி, ஆண்டெனா, பின்னேணியின் பிடிகள், யாரோ பிற்பாடு பொருத்திய சோலார் தகடு. இவை ஒவ்வொன்றையும் சுற்றித் திருகாணிகள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை.

இந்தத் துளைகளை இரண்டு பொருள்கள் காக்கின்றன. பொருத்தப்படும் சாதனத்தின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான நாடா இருக்கும். விளிம்பின் மேலும் திருகாணித் தலைகளின் மேலும் சீலன்ட் என்னும் அடைப்புப் பசையை ஊற்றியிருப்பார்கள். நாடா வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கும். சீலன்ட் வெயிலில் வெடிக்கும். வண்டி ஓடும்போது முழு உடலும் முறுக்கிக்கொள்வதால் அந்த வெடிப்புகள் விரியும். குளிர்நாட்டில் இன்னொரு தொல்லை: வெடிப்பில் தங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பருத்து, வெடிப்பைப் பெரிதாக்கிவிட்டுத்தான் உருகும். மிச்சிகனிலோ ஒன்டாரியோவிலோ ஒரு குளிர்காலத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏ.சி. தனியாகப் பேச வேண்டிய ஆள். பதினான்கு அங்குலச் சதுரத் துளையின் மேல் தடித்த நுரை வளையம் ஒன்றை வைத்து, அதன்மேல் ஏறக்குறைய நாற்பது கிலோ எடையுள்ள ஏ.சி.யை உட்காரவைத்திருப்பார்கள். கீழிருந்து நான்கு நீண்ட போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடிக்கும். பத்து ஆண்டுகளில் நுரை நசுங்கிச் செத்துவிடும், போல்ட்டும் தளரும். எடை தாங்காமல் அந்த இடம் சற்றுக் குழியும், குழியில் மழைநீர் தேங்கும், தேங்கிய நீர் நுரையைத் தாண்டி உள்ளே வரும். இதற்கு மருந்தாகச் சிலர் ஏ.சி.யைச் சுற்றி வெளியே சீலன்ட் பூசிவிடுகிறார்கள். ஏ.சி.யின் அடியில் சேரும் நீர் வழிந்தோட வழி வேண்டும். அதை அடைத்தால் அது உள்ளேதான் வரும். நுரை வளையத்தை மாற்றுவதுதான் முறை.

கூரையின் ஓரங்களைப் பலர் பார்ப்பதே இல்லை. பக்கச் சுவரும் கூரைத் தோலும் சேரும் இடத்தில் நீளமாக ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதில் ஒரு வினைல் நாடா செருகியிருக்கும். நாடாவைப் பிடுங்கினால் கீழே வரிசையாகத் திருகாணிகள். அவை துருப்பிடித்திருந்தால், அல்லது திருகும்போது பிடி இல்லாமல் சுற்றினால், அந்த ஓர மரம் இற்றுவிட்டது என்று பொருள். கூரையின் முன்பக்கமும் பின்பக்கமும் தோல் முடியும் இடத்தில் இதே போன்ற பட்டைகள் குறுக்கே இருக்கும்.

சி வகை மோட்டார்ஹோம்களுக்கு, அதாவது ஃபோர்டு ஈ-450 போன்ற வேன் அடிச்சட்டத்தில் கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு, அந்த நீட்சிதான் பலவீனம். நெடுஞ்சாலையில் காற்றும் மழையும் நேராக அதில்தான் மோதும். அதன் நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள் இருக்கும். அகலமான வண்டிகளுக்கு அமெரிக்கச் சட்டம் கேட்பவை அவை. ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் கம்பி போக ஒரு துளை, அதை மூட ஒரு மெல்லிய ரப்பர். விளக்கைக் கழற்றி அந்த ரப்பரைத் தொட்டாலே தூளாகும் வண்டிகள் ஏராளம். பழைய சி வகை வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் அந்தப் படுக்கையின் மெத்தையைத் தூக்கி மூலைகளை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். எஞ்சினைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கறை ஓரிடம், ஓட்டை ஓரிடம்

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடத்தில் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஏறிப் பார்த்தால் ஓடு நன்றாகவே இருக்கும். உடைந்த ஓடு நான்கு வரிசை தள்ளி இருக்கும். மோட்டார்ஹோமிலும் தண்ணீர் புகுந்த இடத்தில் வெளிப்படுவதில்லை. பலகையின் மேல் ஊர்ந்து, ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சரிவான பக்கம் போய், விளக்குக்காகவோ ஒலிபெருக்கிக்காகவோ வெட்டிய துளை கிடைக்கும்போதுதான் கீழே சொட்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடமும் மாறும். கறை தெரியும் நேரத்தில் மேலே உள்ள பலகை பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், ஊறிக் கிடந்திருக்கும்.

ஆகவே கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. முதல் கருவி மூக்கு. சில நாள் பூட்டிக் கிடந்த வண்டியின் கதவைத் திறந்ததும் வரும் வாசம் பல உண்மைகளைச் சொல்லும். விற்பவர் நாம் வருவதற்கு முன்பே எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்து, உள்ளே நறுமணப் பொருள் ஏதாவது தொங்கவிட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். அடுத்தது கை. உட்கூரையைத் துளைகளைச் சுற்றியும் மூலைகளிலும் விரலால் அழுத்த வேண்டும். நல்ல பலகை எதிர்க்கும், ஊறியது உள்வாங்கும். அலமாரிகளின் உட்புற மேல்மூலைகளைத் தவறவிடக் கூடாது. விற்பதற்காக உட்கூரைக்குச் சாயம் பூசுகிறவர்கள் அலமாரிக்குள் பூசுவதில்லை.

ஈரமானி என்ற சிறு கருவி அதிக விலை இல்லை. இரண்டு ஊசிமுனைகளை மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. 30-ஐ நெருங்கினால் மரத்தின் இழைகள் கொள்ளும் மட்டும் நீரைக் குடித்துவிட்டன. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளர ஏற்ற நிலை அது. பிரிட்டனில் பழைய வண்டி விற்பனையில் இத்தகைய ஈரச் சோதனை அறிக்கையைக் கேட்பது சாதாரணப் பழக்கம். வட அமெரிக்காவில் அதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஈரமானியை வறண்ட கோடையில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையவும் கூடாது. காய்ந்த இற்ற மரம் குறைந்த எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் கையும் வேண்டும்.

ஓட்டை எங்கே என்று துல்லியமாகத் தெரிய ஒரு நல்ல வழி உண்டு. ஒரு காற்றுப்போக்கியின் துளையில் விசிறியைப் பொருத்தி, வெளிக்காற்றை உள்ளே தள்ளி, மற்ற சன்னல்களையெல்லாம் அடைத்துவிடுவார்கள். வண்டிக்குள் காற்றழுத்தம் சற்று உயரும். பிறகு கூரையின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். பழுதுபார்க்கும் கடைகள் இதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. வாங்கும் முன் தனியாக ஆய்வு செய்துதரத் தேசிய ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வண்டிகள்) ஆய்வாளர் சங்கத்தின் சான்று பெற்றவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பெரிய தொகை கொடுத்து வாங்கும்போது அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஈரமும் ஒழுகல் ஆகாது. குளிர்காலத்தில் நான்கு பேர் உள்ளே தூங்கி, கேஸ் அடுப்பில் சமைத்து, வெந்நீரில் குளித்தால் அத்தனை நீராவியும் குளிர்ந்த உலோகச் சட்டங்களில் துளியாகப் படியும். மழை பெய்யாத நாளிலும் ஈரம் தெரிந்தால், அது சீரான இடைவெளியில் சட்டங்களின் வரிசையில் தெரிந்தால், முதலில் காற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

பூசி மூடுவது பற்றி ஒரு வார்த்தை

கடைக்குப் போனால் வாளி வாளியாகக் கூரைப் பூச்சு கிடைக்கும். அக்ரிலிக், சிலிக்கோன், தெளிக்கும் பாலியூரியா எனப் பல. உருளையால் பூசினால் ஒரே நாளில் கூரை புதிதுபோல் ஆகிவிடும். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடியில் உள்ள மரம் உலர்ந்தும் உறுதியாகவும் இருந்தால். ஊறிய பலகையின் மேல் பூசினால் நடப்பது வேறு. தண்ணீர் வெளியேற மேல்வழி அடைபட்டுவிடும். உள்ளே இருப்பது காய வழியின்றிக் கிடக்கும். பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் நிலையாகக் கிடைக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் அந்தக் கூரையில் ஓராண்டு கழித்துக் காலை வைத்தால் அமுங்கும். விற்பனைக்கு வந்திருக்கும் பழைய வண்டியில் கூரை மட்டும் புத்தம்புதிய வெள்ளையாக இருந்தால், பூசுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். முறையாக வேலை செய்தவர் பெருமையோடு காட்டுவார்.

இந்த வேலையின் சூத்திரமே இதுதான்: இது முதலில் தச்சுவேலை, பிறகுதான் ரப்பர் வேலை. மரம் சரியாகாமல் மேல்தோலுக்குச் செய்யும் எந்தச் செலவும் நிற்காது.

எந்த அளவுக்குப் போவது என்று முடிவு செய்யப் பாதிப்பின் பரப்பைப் பார்க்க வேண்டும். ஒரு காற்றுப்போக்கியைச் சுற்றி மட்டும் பலகை கெட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போடலாம். பல இடங்களில் கெட்டு, தோலும் பழையதானால் முழுத் தோலையும் உரித்துவிடுவதே மலிவு. ஈரம் கூரையைத் தாண்டிச் சுவர்ச் சட்டங்களுக்கும் தரையின் ஓரத்துக்கும் இறங்கியிருந்தால், அதுவும் வாங்கும் முன் தெரிந்துவிட்டால், அந்த வண்டியை விட்டுவிட்டு வரலாம். எத்தனை விலை குறைத்தாலும் சரி. கூரையைக் கடையில் கொடுத்து முழுதாக மாற்றினால் வண்டியின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் சில நூறு டாலர் ஆகும்; உள்ளே இற்ற மரத்துக்கான கணக்கு அதற்கு மேல் தனி.

வேலையின் வரிசை

கூரையில் ஏறுமுன் சில காரியங்கள். வெளி மின்சாரம், ஜெனரேட்டர், பேட்டரி மூன்றையும் துண்டிக்க வேண்டும். உட்கூரைக்கு மேலே விளக்குகளின் 12 வோல்ட் கம்பிகளும் ஏ.சி.க்கான 120 வோல்ட் கம்பியும் ஓடுகின்றன. எரிவாயு உருளையையும் மூட வேண்டும். இற்ற கூரையில் நேராக நடக்கக் கூடாது. சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பிளைவுட் பலகை போட்டு, எடை பரவும்படி அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்ய வேண்டும். பூஞ்சணம் பிடித்த பஞ்சைக் கிளறும்போது என்-95 முகக்கவசம் அவசியம். பதினொரு அடி உயரம் என்பதை ஏறும்போது மறந்துவிடுகிறோம். கூரை ஈரமாக இருக்கும் நாளில் ஏறவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் இடம். பிரித்த கூரை பல நாள் திறந்து கிடக்கும். மேலே கொட்டகை இருந்தால் நல்லது. இல்லையென்றால் தார்ப்பாயை எந்நேரமும் இழுத்து மூடும்படி ஆயத்தமாக வைத்துக்கொண்டு, வானிலை அறிவிப்பைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

எதையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளைகளின் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றுப்போக்கிகள், குழாய் மூடிகள், ஆண்டெனா, ஓரப் பட்டைகள் எல்லாம் கழற்ற வேண்டும். பழைய சீலன்டை அகலமான புட்டிக் கத்தியால் மெதுவாகக் கிளப்ப வேண்டும். வெப்பக் காற்றுத் துப்பாக்கி உதவும், ஆனால் அதிகம் காட்டினால் தோல் கருகும். ஏ.சி.யைத் தூக்க இன்னொருவர் வேண்டும். அதைத் தூக்கியபின் கூரையிலேயே தள்ளிவைத்துக்கொண்டு வேலை செய்யலாம், கீழே இறக்க வேண்டியதில்லை.

தோலை ஓரத்திலிருந்து மடக்கி உரித்தால் அடியில் உள்ள பலகை தெரியும். நல்ல பலகை மரநிறத்தில் இருக்கும். கறுத்திருப்பது ஈரம் பட்டது. விளிம்பு உப்பிய ஓ.எஸ்.பி. காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அதை எடுத்தே ஆக வேண்டும். குத்தூசியால் அரை அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பார்த்து, ஊசி எளிதாக இறங்கும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அந்த எல்லையில் வெட்டக் கூடாது. அதைத் தாண்டி, அடுத்து வரும் நல்ல சட்டத்தின் நடுக்கோடு வரை போய் வெட்ட வேண்டும். அப்போதுதான் சட்டத்தின் பாதி அகலத்தில் பழைய பலகையும் மறுபாதியில் புதுப் பலகையும் உட்காரும். வட்ட ரம்பத்தின் அலகைப் பலகையின் தடிமனுக்கு மட்டும் இறக்கிவைத்தால் கீழே ஓடும் கம்பிகள் தப்பும்.

பலகையை எடுத்ததும் நனைந்த கண்ணாடி இழைப் பஞ்சைத் தூக்கி எறிந்துவிடலாம். அதைக் காயவைத்து மறுபடி வைப்பது வீண்வேலை. சட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் கறுத்து, உள்ளே கெட்டியாக இருந்தால் சுரண்டிவிட்டு போரேட் வகை மரக்காப்பு மருந்து பூசலாம். இற்றிருந்தால் அதே அளவில் புதுச் சட்டம் ஒன்றை அதன் பக்கத்திலேயே ஒட்டி, பசையும் திருகாணியும் போட்டு இணைக்க வேண்டும். கெட்ட பகுதியைத் தாண்டி இருபுறமும் ஓர் அடியாவது நல்ல மரத்தில் அது பிடித்திருக்க வேண்டும். மரத்தைக் கெட்டிப்படுத்தும் எபாக்ஸி திரவங்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சன்னல் ஓரத்தில் ஒரு சிறு பள்ளத்துக்கு அவை சரி. எடை தாங்கும் சட்டத்துக்கு நான் அவற்றை நம்ப மாட்டேன்.

இப்போது காத்திருக்க வேண்டும். பலருக்குப் பொறுமை போகும் கட்டம் இது. விசிறியும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபயரும் வைத்து, திறந்து கிடக்கும் மரம் எல்லா இடத்திலும் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூடக் கூடாது. வறண்ட அரிசோனாவில் சில நாளில் ஆகும். ஈரக்காற்று வீசும் கடலோரத்தில் வாரங்கள் ஆகலாம். நாள்காட்டியைப் பார்த்து அல்ல, ஈரமானியைப் பார்த்து மூடுங்கள்.

புதுப் பலகை பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பிளைவுட் நல்லது. சட்டங்களில் பசை தடவி, துரு ஏறாத திருகாணிகளால் இறுக்கி, அவற்றின் தலை பலகைக்குச் சமமாக இறங்குமாறு பார்க்க வேண்டும். துருத்திக்கொண்டு நிற்கும் ஒரே தலை பின்னாளில் தோலைக் குத்திக் கிழிக்கும். பலகைகளின் இணைப்புகளை நாடாவால் மூடி, ஓரங்களின் கூர்மையை மணல்தாளால் மழுக்கி, தூசியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒரு மணல்துகள்கூடத் தோலின்மேல் புடைப்பாகத் தெரியும்.

முழுக் கூரைக்கும் தோல் போடுவதென்றால் வண்டியைவிடச் சற்று அகலமான சுருளாக, நடுவில் இணைப்பே வராதபடி ஒரே துண்டாக வாங்க வேண்டும். விரித்து, மடிப்புகள் தளரச் சிறிது நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பாதியை மடக்கி, அந்தத் தோலுக்கென்று தயாரிப்பாளர் சொன்ன நீர்வகைப் பசையைப் பலகையில் உருளையால் பூசி, தோலை மெதுவாக இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுதூரிகையால் காற்றை வெளியேற்ற வேண்டும். மறுபாதியும் அப்படியே. சிறு குமிழிகளுக்குப் பதற வேண்டாம், பசை காயும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். துளைகளுக்கு நேரே தோலைக் குறுக்காகக் கீறி, முனைகளை உள்பக்கம் மடக்கி மரத்தில் ஸ்டேப்ளரால் அடிக்க வேண்டும்.

காற்றுப்போக்கிகளைத் திரும்பப் பொருத்தும்போது அவசரம் கூடாது. விளிம்பிலிருந்து பழைய பியூட்டைலை முற்றிலும் சுரண்டி எடுத்து, புது நாடாவை இடைவெளி இல்லாமல் சுற்றி ஒட்டி, திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நாடா விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் பிதுங்க வேண்டும். மறுநாள் வந்து இன்னொரு முறை இறுக்கினால் இன்னும் சற்றுப் பிதுங்கும். அதை வெட்டிவிட்டு, விளிம்பையும் ஒவ்வொரு திருகாணித் தலையையும் மூடுமாறு சீலன்ட் ஊற்ற வேண்டும். சீலன்டில் தானாகப் பரவிச் சமமாகும் வகை கிடைமட்டப் பரப்புக்கு. வழியாமல் நிற்கும் வகை சரிவுக்கும் செங்குத்தான இடத்துக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் முதல் வகை சுவரில் வழிந்து கோலம் போட்டுவிடும்.

சிலிக்கோன் சீலன்ட் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குளியலறைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அந்தக் குழாய்தான் அவசரத்துக்குக் கைக்குக் கிடைக்கும். ரப்பர் தோலில் அது நிலையாகப் பிடிக்காது. அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் பின்னால் வேறு எந்தச் சீலன்டும் ஒட்டாது. பழைய வண்டிகளின் கூரையில் அடுக்கடுக்காகச் சிலிக்கோன் மேல் சிலிக்கோனாகப் பூசிவைத்திருப்பதைச் சுரண்டி எடுக்க ஆகும் நேரம், புதுத் தோல் போட ஆகும் நேரத்தைவிட அதிகம்.

அதன் பிறகு

எல்லாம் பொருத்தி, சீலன்ட் காய்ந்தபின் தோட்டத்துக் குழாயால் சோதித்துப் பாருங்கள். தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகப் பத்து நிமிடம் நனைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரேயடியாக முழுக் கூரையையும் நனைத்தால் எந்த இடம் குற்றவாளி என்று தெரியாது. உட்கூரையை இந்தச் சோதனை முடியும்வரை மூடாமல் வைத்திருப்பது நல்லது. முதல் பெருமழைக்குப் பிறகு மூடினால் இன்னும் நல்லது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. இளவேனிலில் ஒரு முறை, குளிர் தொடங்குமுன் ஒரு முறை ஏறி, சீலன்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்த இடத்தில் மேலேயே கொஞ்சம் ஊற்றினால் போதும். தோலைக் கழுவ மென்மையான சோப்பு போதும். பெட்ரோலியக் கரைப்பான்கள் இ.பி.டி.எம். தோலை உப்பவைக்கும், எலுமிச்சைச் சத்துள்ள கழுவுதிரவங்களும் ஆகாது. நிறுத்திவைக்கும்போது வண்டியைச் சற்று ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் தேங்காது. மலிவான நீலத் தார்ப்பாயால் மூடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காற்றில் அது படபடத்து, கயிறும் வளையமும் குளிர்காலம் முழுவதும் தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். உள்ளே சேரும் ஈரமும் வெளியேறாது.

காப்பீடு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். புயலில் கிளை விழுந்து கூரை உடைந்தால் பொதுவாக ஈடு கிடைக்கும். சீலன்ட் வெடித்து மெல்ல மெல்லப் புகுந்த நீரால் மரம் மக்கியது என்றால், பராமரிப்புக் குறைவு என்று சொல்லிப் பெரும்பாலான நிறுவனங்கள் கைவிரித்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை ஏறிப் பார்க்கும்போதும் தேதியோடு நான்கு படங்கள் எடுத்து, ஈரமானி காட்டிய எண்களைக் குறித்துவையுங்கள். கோரிக்கை வைக்க நேர்ந்தால் அவை உதவும். வண்டியை விற்கும் நாளில், வாங்க வருகிறவர் கூரையில் கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டவும் உதவும்.